பழைய வங்கிக் கணக்கில் பிடித்த கட்டணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

2024 மே மாதம் என் பிஎஃப் பணம் 18,400 ரூபாய் வங்கிக்கு வந்தது. ஆனால் வந்து விழுந்த இடம் தவறு. 2019 ஜூனில் நான் விட்டுவந்த முதல் வேலையின் சம்பளக் கணக்கு எண் பிஎஃப் பதிவில் மாறாமல் அப்படியே இருந்திருக்கிறது. பணம் உள்ளே வந்த அன்றைக்கே அதிலிருந்து 14,160 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டது. மினிமம் பேலன்ஸ் வைக்காததற்கு 24 மாதக் கட்டணம், மாதம் 500, அதன்மேல் ஜிஎஸ்டி 90.

அந்த 14,160 ரூபாயும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அதற்கு நாலு மாதம் ஆனது. முறை முன்பே தெரிந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். தாமதத்துக்குக் காரணம் என் முதல் கடிதம். "ஏழை எளியவர்களிடம் இப்படி அநியாயமாகப் பிடிக்கலாமா" என்ற ரீதியில் இரண்டு பக்கம் எழுதினேன். "எங்கள் கட்டண அட்டவணைப்படியே பிடிக்கப்பட்டது" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அடுத்த கடிதத்தில் எந்தத் தேதி, எந்தப் பிடித்தம், எந்த விதிக்கு முரண் என்பதை மட்டும் எழுதினேன். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது. கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்த இரண்டாவது கடிதத்தை நீங்கள் முதல் தடவையே எழுதுவதற்காகத்தான்.

இது இந்தியாவில் உள்ள வணிக வங்கிகளின் சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் பற்றியது. விதிகள் எல்லாம் ரிசர்வ் வங்கி போட்டவை.

1. எதைத் திரும்பக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

பிடித்த பணம் எல்லாம் திரும்ப வந்துவிடாது. கணக்கு திறக்கும்போது ஒப்புக்கொண்ட கட்டணத்தை, முறைப்படி அறிவித்துப் பிடித்திருந்தால் அது போனதுதான். விதி மீறிப் பிடித்ததைத்தான் கேட்க முடியும். சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை உங்களுக்கு உதவக்கூடிய விதிகள் இவை.

முதலாவது, இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்களாக எதுவும் செய்யாத சேமிப்புக் கணக்கு 'செயலற்ற கணக்கு'. கவுண்டரில் இன்ஆப்பரேட்டிவ் என்பார்கள், டார்மன்ட் என்றும் சொல்வார்கள். செயலற்ற கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் போடக் கூடாது. இது 2014 மே மாதத்திலிருந்தே இருக்கும் விதி. 2024 ஜனவரி 1 அன்று வந்த சுற்றறிக்கையும் இதையே மறுபடி சொன்னது. அந்தக் கணக்கை மீண்டும் செயல்படுத்தவும் கட்டணம் வாங்கக் கூடாது.

இரண்டாவது, 2015 ஏப்ரல் 1 முதல், பேலன்ஸ் குறைந்ததும் வங்கி அதை எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன நாளிலிருந்து ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். அதற்குள் நீங்கள் சரிசெய்யாவிட்டால்தான் பிடிக்கலாம்.

மூன்றாவது, எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையின் விகிதத்தில்தான் கட்டணம் இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் குறைந்தவருக்கும் ஐயாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை போடக் கூடாது.

நான்காவது, மினிமம் பேலன்ஸ் கட்டணத்தால் மட்டும் ஒரு கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

என் வழக்கு முழுக்க முதலாவதிலும் நான்காவதிலும்தான் நின்றது. பழைய கணக்கு வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மினிமம் பேலன்ஸ் என்பதே கிடையாது. உதவித்தொகைக்காகவும் அரசு மானியத்துக்காகவும் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கும் இதே மாதிரிதான். இவற்றில் மினிமம் பேலன்ஸ் பெயரில் ஒரு ரூபாய் பிடித்திருந்தாலும் கேளுங்கள். வீட்டில் அம்மா, பாட்டி கணக்கில் மகளிர் உரிமைத் தொகை வருகிறதென்றால் அந்தப் பாஸ்புக்கையும் ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் வேறு. செயலற்ற கணக்கில் அதைத் தடுக்கும் தெளிவான விதி இல்லை. கேட்டுப் பார்க்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அதையே முதன்மைக் கோரிக்கையாக வைக்காதீர்கள். எஸ்எம்எஸ் கட்டணம் மட்டும் உண்மையில் அனுப்பிய எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் இருக்க வேண்டும். ஒரு செய்திகூட அனுப்பாத காலாண்டுக்குப் பிடித்திருந்தால் கேட்கலாம்.

2. ஸ்டேட்மென்ட் வாங்குங்கள், ஆப்பைத் திறக்காதீர்கள்

முதல் ஆவணம் ஸ்டேட்மென்ட். கடைசியாக நீங்கள் பணம் போட்ட அல்லது எடுத்த நாளிலிருந்து இன்றுவரை முழுமையாக வேண்டும். எந்தக் கிளையிலும் கேட்கலாம், ஆனால் கணக்கு திறந்த கிளையில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். பழைய ஆண்டுகளுக்குக் கட்டணம் உண்டு. நான் ஐந்து ஆண்டுக்கு 590 ரூபாய் கட்டினேன். கட்டிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு செலவுக் கணக்கில் சேர்க்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், பழைய பாஸ்புக் அல்லது செக் புத்தகத்தின் ஒரு தாள், இரண்டு போட்டோ. முகவரியும் செல்போன் எண்ணும் மாறியிருந்தால் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பத்து வருடத்துக்கு முன்பு போட்ட கையெழுத்து எப்படி இருந்தது என்று வீட்டிலேயே நினைவுபடுத்திக்கொண்டு போங்கள். என்னை இதற்காகவே ஒருநாள் திருப்பி அனுப்பினார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்" என்று மொபைல் ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ உள்ளே நுழைவதும் வாடிக்கையாளர் செய்த நடவடிக்கையாகவே இப்போது எண்ணப்படுகிறது. உங்கள் கணக்கு இரண்டு ஆண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த ஒரு லாகின் காரணமாக எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும். அதனால் காகிதத்தில் வாங்குங்கள்.

இன்னொரு பொறி, பணம் போடுவது. "ஐந்நூறு ரூபாய் போடுங்கள், கணக்கு ஆக்டிவ் ஆகிவிடும்" என்று கவுண்டரில் சொல்வார்கள். கணக்கில் லியன் இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். லியன் என்றால் நீங்கள் தர வேண்டியதாக வங்கி குறித்து வைத்திருக்கும் தொகை. கணக்கில் மைனஸ் காட்டாது, பாஸ்புக்கிலும் தெரியாது. பணம் வந்த நிமிடம் எடுத்துக்கொள்ளும். என் பிஎஃப் பணம் போனது இப்படித்தான். "லியன் இருக்கிறதா, எவ்வளவு, எந்தெந்த மாதத்துக்கு" என்று கேட்டு, அதையும் அச்சடித்து வாங்குங்கள்.

பழைய கணக்கு பிஎஃப், எல்ஐசி, வருமான வரி ரீஃபண்டு, கேஸ் மானியம் எதிலாவது இணைந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். புகார் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்பதே மறந்துபோய் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரையும் பான் எண்ணையும் கொடுத்துத் தேடலாம். பத்து ஆண்டு தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். போனாலும் வங்கி வழியாகக் கேட்டு வாங்க முடியும்.

3. பிடித்தங்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசியாக நீங்களே செய்த பரிவர்த்தனையின் தேதியை மேலே எழுதுங்கள். வங்கி வரவு வைத்த வட்டியும் வங்கி பிடித்த கட்டணமும் உங்கள் பரிவர்த்தனை ஆகாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். "மாதாமாதம் எண்ட்ரி விழுந்திருக்கிறதே சார், கணக்கு ஆக்டிவ்தானே" என்று என்னிடம் கவுண்டரில் சொன்னார்கள். விழுந்த எண்ட்ரி எல்லாம் அவர்கள் போட்ட அபராதம்.

அந்தத் தேதியோடு இரண்டு ஆண்டைக் கூட்டுங்கள். எனக்குக் கடைசிப் பரிவர்த்தனை 2019 ஜூன் 20. ஆகவே 2021 ஜூன் 20க்குப் பிறகு அபராதம் கூடாது. ஆனால் வங்கியின் கணினி என் கணக்கைச் செயலற்றது என்று குறித்தது 2022 மார்ச்சில்தான். கணினி எப்போது குறித்தது என்பதைப் பற்றி நமக்குக் கவலை இல்லை, விதி சொல்லும் தேதிதான் கணக்கு.

இப்போது பிரிப்போம். சம்பளம் நின்ற மூன்று மாதத்தில் என் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டார்கள். அப்போது இருப்பு 3,180. வைத்திருக்க வேண்டியது 10,000. குறைவது 6,820, அதில் 6 சதவீதம் 409.20, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 482.86. அடுத்த மாதம் இருப்பு இன்னும் குறைந்ததால் கட்டணம் ஜிஎஸ்டியோடு 517.04 ஆனது. இப்படி ஏறிக்கொண்டே போய், ஜிஎஸ்டி சேர்க்காமல் 500 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டது. ஆறே மாதத்தில் கணக்கு சுத்தமாகக் காலி. விகிதாசாரக் கட்டணம் என்று கேட்க நியாயமாக இருக்கும். பணம் கரையக் கரையக் கட்டணம் கூடுவதை இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் நானும் பார்த்தேன்.

என் மூன்று பிரிவுகள் இப்படி அமைந்தன:

அ. 2019 அக்டோபர் முதல் 2020 மார்ச் வரை, இருந்த பணத்திலிருந்து பிடித்தது 3,180 ரூபாய். அறிவிப்பு தந்தார்களா என்பது மட்டுமே இங்கே கேள்வி.

ஆ. 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூன் வரை, கணக்கில் ஒன்றும் இல்லாதபோது கடனாக ஏற்றிவைத்த 15 மாதக் கட்டணம், 8,850 ரூபாய். கணக்கை மைனஸாக்கக் கூடாது என்ற விதி இங்கே பொருந்தும்.

இ. 2021 ஜூலை முதல் 2022 மார்ச் வரை, செயலற்ற கணக்கில் போட்ட 9 மாதக் கட்டணம், 5,310 ரூபாய். இதற்கு வங்கி சொல்ல எந்தப் பதிலும் இல்லை.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். 'இ' வங்கியிலேயே கிடைத்தது. 'ஆ' ரிசர்வ் வங்கிக்குப் போன பிறகு கிடைத்தது. 'அ' கிடைக்கவில்லை, என் பழைய எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிய பதிவை வங்கி காட்டிவிட்டது. அந்த எண்ணை நான் 2019லேயே மாற்றிவிட்டேன், வங்கியில் சொல்லவில்லை. சொல்லாதது என் பொறுப்பு என்று முடிந்தது.

4. கடிதம்

ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதினாலும் வாங்க வேண்டும். நான் தமிழில்தான் கொடுத்தேன். என் இரண்டாவது கடிதத்தின் சாரம் இது, உங்கள் விவரங்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

"என் சேமிப்புக் கணக்கில் நான் கடைசியாகச் செய்த பரிவர்த்தனை 20.06.2019. ரிசர்வ் வங்கி விதிப்படி 20.06.2021 முதல் இது செயலற்ற கணக்கு. அதன் பிறகு 9 மாதங்களுக்கு மினிமம் பேலன்ஸ் கட்டணமாகப் பதிவான 5,310 ரூபாய் அந்த விதிக்கு முரணானது. மேலும் 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூன் வரை கணக்கில் இருப்பு இல்லாத நிலையில் 15 மாதங்களுக்குக் கட்டணம் ஏற்றி, அதை 2024 மே மாதத்தில் என் பிஎஃப் தொகையிலிருந்து பிடித்திருக்கிறீர்கள். மினிமம் பேலன்ஸ் கட்டணத்தால் மட்டும் கணக்கு மைனஸ் இருப்புக்குப் போகக் கூடாது என்ற விதிக்கு இது முரணானது. இந்தத் தொகை 8,850 ரூபாய். ஆக 14,160 ரூபாயை ஜிஎஸ்டி உட்படத் திரும்ப வரவு வைக்கவும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் முன்பு எனக்கு அனுப்பிய அறிவிப்பின் தேதியையும் நகலையும் தரவும். கோரிக்கையை மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

பிடித்தங்களின் பட்டியலைத் தனித் தாளில் இணையுங்கள்: தேதி, தொகை, ஜிஎஸ்டி, எந்தப் பிரிவு. ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிகளுக்கு அடிக்கோடு போட்டு நகல் வையுங்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. "கட்டணம் மிக அதிகம்" என்று எழுதாதீர்கள். எவ்வளவு கட்டணம் வைப்பது என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன், தலையிட மாட்டார். ரிசர்வ் வங்கியின் 2021 குறைதீர்ப்பாளர் திட்டத்தில் அப்படித் தெளிவாகவே இருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக நல்ல புகார்கூடத் தள்ளுபடி ஆகிவிடும். "விதிக்கு முரண்" என்று எழுதினால் அவர்கள் விசாரித்தே ஆக வேண்டும். "பெரிய மனது பண்ணித் திருப்பித் தரவும்" என்றும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் சலுகையாக ஐந்நூறு, ஆயிரம் கொடுத்து, புகார் தீர்ந்தது என்று முடித்துவிடுவார்கள்.

5. கொடுப்பதும் காத்திருப்பதும்

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "மேனேஜர் இல்லை, வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் வைக்காதீர்கள். அங்கிருந்து நேராகத் தபால் நிலையம் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் வங்கியின் இணையதளத்தில் புகார் பகுதியிலும் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். இவை அத்தனையும் அரைநாள் வேலை, செலவு நூறு ரூபாய்க்குள்.

வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. நான் மே மாதம் முழுவதும் மூன்று தடவை கிளைக்குப் போய்ப் பேசினேன். ஒவ்வொரு தடவையும் மரியாதையாக உட்காரவைத்து, "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கிறோம்" என்றார்கள். எந்த எண்ணும் தரவில்லை. அந்த மாதம் எனக்கு வீணாகப் போனது.

கடிதம் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். காலண்டரில் குறித்து வையுங்கள். இடையில் போன் செய்து பாதித் தொகைக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னால், "வருவதை வரவு வையுங்கள், மீதிக்கான கோரிக்கை அப்படியே இருக்கிறது" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். எனக்கு 18ஆம் நாள் 5,310 வந்தது. "புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ்ஸும் கூடவே வந்தது. அன்றே பதில் மின்னஞ்சல் போட்டேன். போடாமல் விட்டிருந்தால் பிறகு அதையே எனக்கு எதிராகக் காட்டியிருப்பார்கள்.

மறுத்துப் பதில் வந்தால் அதில் ஒன்றைத் தேடுங்கள். ஓரளவு பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் உள் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் புகாரை வங்கி முழுவதுமாகவோ பகுதியாகவோ மறுக்கிறது என்றால், அவர் பார்வைக்குப் போன பிறகுதான் மறுக்க முடியும். அவர் பார்த்ததாகப் பதிலில் இல்லையென்றால், அந்தக் குறையையும் அடுத்த கட்டத்தில் சேர்த்து எழுதுங்கள்.

6. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்

30 நாள் கழிந்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த கதவு இது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் செல்போன் எண்ணுக்கு வரும் ஓடிபி கொண்டு நுழைந்து பதிவு செய்யலாம். கணினி பழக்கம் இல்லாதவர்கள் கடிதமாகவே அனுப்பலாம். சண்டிகரில், செக்டார் 17ல் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் மையப் பெறும் பிரிவு எல்லா மொழிக் கடிதங்களையும் வாங்குகிறது, அதனால் தமிழிலேயே எழுதலாம். அஞ்சல் குறியீடு 160017. சந்தேகம் கேட்க 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசுகிறார்கள்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி, புகார் எண், வங்கியின் பதில், அடிக்கோடிட்ட ஸ்டேட்மென்ட், பிடித்தப் பட்டியல், அடையாளச் சான்று. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக, பக்க எண் போட்டு ஏற்றுங்கள். விசாரிப்பவர் ஒரு நாளில் எத்தனையோ கோப்புகளைப் பார்ப்பார். "பக்கம் 4, வரி 12" என்று நீங்கள் சுட்டிக்காட்டினால் அவருக்குத் தேடும் வேலை இல்லை.

இந்தக் கட்டத்தில் பலர் விழும் குழிகளைச் சொல்கிறேன்.

வங்கிக்கு எழுதாமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 30 நாள் முடியாமல் 25ஆம் நாளில் போட்டாலும் அப்படித்தான்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். இரண்டில் ஒன்றைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க முடியும். இங்கே முதலில் வருவதுதான் நல்லது என்பது என் கருத்து. இங்கே தோற்றாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கெடு முக்கியம். நான் பதிவு செய்தபோது இருந்த 2021 திட்டத்தில், வங்கியின் பதில் வந்து ஓர் ஆண்டுக்குள் வர வேண்டும் என்று இருந்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பதில் வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். வங்கிக்கு முதலில் எழுதுவதற்கும் காலவரம்பு உண்டு, பொதுவாகப் பணம் பிடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. பத்து வருடத்துக்கு முன்பு பிடித்ததைக் கேட்டு ஜெயிப்பது மிகக் கடினம். ஆனால் பழைய கட்டணத்தை லியனாக வைத்திருந்து இப்போது பிடித்திருந்தால், பிடித்த நாளைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன், அது நின்றது.

இழப்பீடும் கேட்கலாம். 2021 திட்டத்தில் நேர இழப்பு, அலைச்சல், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் வரை தர இடம் இருந்தது. வரம்பு அவ்வளவு என்பதால் அவ்வளவும் கிடைத்துவிடாது. நான் ஸ்டேட்மென்ட் கட்டணம் 590 ரூபாயை மட்டும் கேட்டேன், வந்தது. சிறிய, ரசீது உள்ள தொகையைக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

ஜூலை 24 அன்று பதிவு செய்தேன், செப்டம்பர் 20 அன்று 8,850 வந்துவிட்டது. குறைதீர்ப்பாளர் உத்தரவு போடும் நிலைக்கே போகவில்லை, அங்கிருந்து கேள்வி போனதுமே வங்கி இறங்கிவந்தது. பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது என்று இதே வழியில் போன நண்பர்களும் சொன்னார்கள்.

நுகர்வோர் ஆணையம் போக வேண்டிய நிலை வந்தால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம். எப்படித் தொடங்குவது என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் கேட்கலாம்.

7. கிரெடிட் கார்டோ கடனோ நின்றுபோயிருந்தால்

இங்கே நிலைமை வேறு, கூடுதல் கவனம் வேண்டும். அசலை நீங்கள் உண்மையிலேயே தர வேண்டியிருக்கலாம். அதன்மேல் ஏற்றிய கட்டணங்களில் எது செல்லாது என்பதுதான் நம் கேள்வி. வேலை போய் கார்டு கட்ட முடியாமல் நின்ற ஒருவர் தவறு செய்தவர் அல்ல. கடன் வசூலிக்க வரும் ஏஜென்ட்கள் எப்படிப் பேசினாலும் இந்த நினைப்போடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யவே கூடாது.

கார்டுக்கு: கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதுவும் மீதம் உள்ள தொகையின் மேல்தான், முழு பில் தொகையின் மேல் அல்ல. 2022 அக்டோபர் முதல், கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. பழைய கார்டுகளில் பெரிய தொகை ஒளிந்திருப்பது இந்தக் கடைசி இடத்தில்தான். பில்லை மாதவாரியாக வாங்கி, தாமதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் அடுத்த மாத வட்டிக் கணக்கில் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்காமலே அனுப்பிய கார்டுக்குப் பில் போட்டிருந்தால், அதை நீக்குவதோடு அந்தத் தொகையின் இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குச் சேரும்.

கடனுக்கு: தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன்மேல் வட்டியும் ஏறக் கூடாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல், பழைய கடன்களுக்கு அதே ஆண்டு ஜூன் இறுதிக்குள் இது நடைமுறைக்கு வந்தது. அந்த அபராதத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சிலும் தெளிவுபடுத்தியது. ஸ்டேட்மென்ட்டில் அபராத வரிக்குக் கீழே 18 சதவீதம் தனியாக விழுந்திருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

இனி எச்சரிக்கைகள். ஒரே வங்கியில் கார்டு பாக்கியும் சேமிப்புக் கணக்கும் இருந்தால், திரும்ப வரும் பணத்தை வங்கி அந்தப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

கடனை வசூலிக்க வழக்குப் போடுவதற்கான காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. அதற்குள் "நான் இவ்வளவு தர வேண்டும்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு சிறு தொகை கட்டி அதை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, அந்த மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆகவே கட்டணம் பற்றிய கடிதத்தில் "இக்கடிதம் எந்தப் பாக்கியையும் ஒப்புக்கொள்வதாகாது" என்று ஒரு வரி சேருங்கள். தொகை லட்சங்களில் இருந்தால் கடிதம் போடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

"செட்டில்மென்ட்" என்று ஏஜென்ட் சொல்லும் தொகையில் முதலில் கையெழுத்துப் போடாதீர்கள். செல்லாத கட்டணத்தை நீக்கச் சொல்லி முதலில் எழுதுங்கள், நீக்கிய பிறகு மீதிக்குப் பேசுங்கள். முழுத் தீர்வு என்று ஒருமுறை கையெழுத்திட்டால் பழைய கட்டணத்தைக் கிளறுவது கஷ்டம். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் 'செட்டில்டு' என்றுதான் விழும், 'க்ளோஸ்டு' என்று விழாது. அடுத்த கடன் கேட்கும்போது இந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும்.

8. பணம் வந்த பிறகு

வரவு விழுந்ததும் ஜிஎஸ்டியும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். 500க்குப் பதில் 590 வர வேண்டும்.

பணத்தை வேறு கணக்குக்கு மாற்றி, பழைய கணக்கை மூடுங்கள். மூடும் விண்ணப்பத்தோடு கார்டையும் மீதி செக் தாள்களையும் கொடுத்துவிட்டு, "கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். இதை வாங்காமல் வராதீர்கள். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லலாம்.

கார்டு, கடன் பாக்கி இருந்தவர்கள் ஒரு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீக்கிய கட்டணம் இன்னும் பாக்கியாகக் காட்டினால் திருத்தச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாக வர வேண்டும்.

இந்த நாட்களில் மோசடி அழைப்புகள் வரும். "உங்கள் ரீஃபண்டு தயார், ஓடிபி சொல்லுங்கள்" என்று எனக்கே இரண்டு தடவை வந்தது. வங்கியோ குறைதீர்ப்பாளரோ பணம் திருப்பித் தர ஓடிபி, பின் எண், கட்டணம் எதுவும் கேட்பதில்லை. வங்கியின் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

மூடல் கடிதம், முத்திரையிட்ட பிரதி, ஸ்டேட்மென்ட், பதில் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். என் கணக்கை மூடி எட்டு மாதம் கழித்து, டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் பாக்கி என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. மூடல் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், மறுநாள் நீக்கிவிட்டார்கள்.